பிளேக்கின் இடையர் படங்கள்: இருட்டைப் படிப்பது எப்படி?

[திரை: நிலவொளியில் சாய்ந்து கிடக்கும் பயிர். கேமரா மெல்ல நெருங்குகிறது]

இந்தப் படத்தின் அகலம் சுமார் 7.5 செ.மீ., உயரம் 3.5 செ.மீ. அவ்வளவுதான். 1821-இல் லண்டனில் மருத்துவர் தோர்ன்டன் வெளியிட்ட பண்டைய ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் பாடநூலுக்காக, ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக் மரக்கட்டையில் செதுக்கியது. சொந்த ஊரை விட்டு வந்து நொந்துபோன இளம் இடையன் காலினெட்டும், முதியவர் தெனோட்டும் பேசிக்கொள்ளும் பாடலுக்கான படங்கள் இவை.

[திரை: மரக்கட்டை, உளி]

பாக்ஸ்வுட் என்ற கெட்டியான மரத்தைக் குறுக்கே அறுத்த முகத்தில் செதுக்குவார்கள். நார் குறுக்கிடாது, உளி எந்தப் பக்கமும் வளையும். உளி பட்ட இடத்தில் மை ஒட்டாது, தாளில் வெள்ளையாக விழும். எதுவும் செதுக்காத கட்டையை அச்சிட்டால் முழுக்கக் கருப்புதான். ஆகவே இந்தப் படங்களில் இருட்டு முன்பே இருக்கிறது. வெளிச்சத்தைத்தான் பிளேக் கீறிக் கீறி எடுக்கிறார். காலினெட்டின் துயரத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஊடகம் இல்லை.

[திரை: உருளை இழுக்கும் மனிதன்]

"உருளும் கல்லில் பாசி படியாது" என்கிறார் தெனோட். பிளேக் அந்தக் கல்லைப் பெரிய வீட்டு முன் தரையைச் சமன்செய்யும் உருளையாக்கி, ஒருவனை இழுக்க வைக்கிறார். ஊர் ஊராய்த் திரிந்தவனுக்கு மிஞ்சியது யாரோ ஒருவர் நிலத்தில் உழைப்பு என்றே இதைப் படிக்கத் தோன்றுகிறது.

[திரை: மைல்கல்]

அடுத்து, லண்டன் 62 மைல் என்று ரோமன் எண்ணில் சொல்லும் மைல்கல். கட்டையில் எழுத்துகளை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். மறந்தால் அச்சில் இடவலம் மாறி வந்து நிற்கும். இவ்வளவு சின்னப் படத்தில் அந்தச் சிரமத்தை ஏற்றாரென்றால், காலினெட் எவ்வளவு தொலைவு வந்துவிட்டான் என்பது நம் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகத்தான்.

[திரை: ஒரே படத்தின் இரு அச்சுகள்]

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மை சற்றுக் கூடினாலும் மெல்லிய கீறல்கள் அடைத்துக்கொள்ளும், வானம் கருகிவிடும். அதைச் சோகத்தின் குறியீடு என்று எழுதிவிடாதீர்கள். நூலின் பக்கத்தில் அடங்குவதற்காகக் கட்டைகளின் ஓரத்தையும் வெட்டியிருக்கிறார்கள். எனவே விளிம்பில் அறுபட்ட கிளைக்கு அர்த்தம் தேடுமுன், வெட்டுவதற்கு முன் எடுத்த மாதிரி அச்சைப் பாருங்கள். சில இன்றும் இருக்கின்றன. பிளேக்கே செதுக்கிய 17 கட்டைகள் பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ளன. அவர் வரைந்த இன்னும் 3 படங்களை வேறு கைகள் செதுக்கின. அவற்றில் கோடுகள் ஒழுங்காக இருக்கின்றன. அந்த நிலவொளி மட்டும் இல்லை.