பெரிய டாக்டர் எப்போ வருவாரு?

வணக்கம். வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம், ஆம்பூர் பக்கம் கேட்டுக்கொண்டிருக்கிற எல்லாருக்கும் வணக்கம்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாருக்காவது சிசேரியன் நடந்திருக்கும். வயிற்றைத் திறந்து, கர்ப்பப்பையைத் திறந்து, குழந்தையை எடுத்து, ரத்தத்தை நிறுத்தி, ஒவ்வொரு அடுக்காகத் தைத்து மூடுகிற பெரிய ஆபரேஷன் அது. நம் ஊரில் அதைப் பெரும்பாலும் பெண் டாக்டர்கள்தான் செய்கிறார்கள். அந்தக் கையை யாரும் சந்தேகப்படுவதில்லை. ஆனால் பொது அறுவை சிகிச்சை வார்டில் சர்ஜரி மேற்படிப்பான எம்.எஸ். படிக்கிற பெண் டாக்டர் வந்து, "ஐயாவுக்குக் குடலிறக்கம், நாளைக்குக் காலையில ஆபரேஷன், ராத்திரிக்கு மேல ஒண்ணும் சாப்பிடக் குடுக்காதீங்க" என்று பொறுமையாகச் சொன்னால், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கையெழுத்தும் போட்டுவிட்டு, "சரிம்மா, பெரிய டாக்டர் எப்போ வருவாரு?" என்கிறார்கள். பக்கத்தில் நிற்கிற ஹவுஸ் சர்ஜன் பையன், இன்னும் பயிற்சியே முடிக்காதவன், அவனை "சார்" என்கிறார்கள். நான் பல வருஷம் மேற்படிப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள், இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

இது வேலூரில் நடப்பதுதான் எனக்கு ஆறவே ஆறாத விஷயம். அமெரிக்க மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மா இங்கே 1918-ல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். அதில் ஆண்கள் சேர்ந்தது 1947-ல். அதாவது, கிட்டத்தட்ட முப்பது வருஷம் அங்கே படித்து டாக்டரானவர்கள் அத்தனை பேரும் பெண்கள்.

மேரி வர்கீஸ் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், நேரம் போனாலும் பரவாயில்லை. கேரளத்திலிருந்து வந்து இங்கே படித்தவர். 1954-ல் ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே அசைவே இல்லாமல் போனது. டாக்டர் வேலை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்துகொண்டிருந்த பால் பிராண்ட், இதை உட்கார்ந்தே செய்யலாமே என்றார். மேரி செய்தார், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி! தொழுநோயில் நரம்பு கெட்டு விரல்கள் மடங்கிப்போகும். வேலை செய்கிற ஒரு தசைநாரைப் பிரித்து, செயலிழந்த விரலுக்கு மாற்றிப் பொருத்த வேண்டும். இழுவை கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் விரல் சரியாக மடங்காது, நீளாது. இதில் புஜபலத்துக்கு என்ன வேலை, சொல்லுங்கள்? அப்புறம் அவர் வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்து, அந்தத் துறையையே இங்கே வளர்த்தார். 1972-ல் பத்மஸ்ரீ. இவ்வளவுக்கும் பிறகு, இதே ஊரில் ஒரு பெண்ணைப் பார்த்து "உனக்கு அவ்வளவு தெம்பு இருக்கா?" என்று கேட்கிறார்கள்.

ஆபரேஷன் தியேட்டருக்குள் வாருங்கள். மேஜை உயரத்தைச் சீஃப் டாக்டரின் உயரத்துக்கு வைத்திருப்பார்கள். குள்ளமான பெண் ஸ்டூல் கேட்டால் ஒரு சிரிப்பு. அதே பேட்சில் அதே உயரத்தில் ஒரு பையன் ஸ்டூல் மேல் ஏறி நின்றான், ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. கையுறை 6, 6½, 7 என்று அளவு பார்த்துத் தருகிறார்கள், சின்னத் துளை வழியாக ஆபரேஷன் செய்கிற லேப்ராஸ்கோப்பிக் கருவியின் பிடி பெரும்பாலும் ஒரே அளவு. சின்னக் கைக்கு அது எட்டவில்லையென்றால் குறை கையில் இல்லை, கருவியில்.

அமெரிக்காவில் பயிற்சி டாக்டர்களிடம் ஓர் ஆய்வு செய்தார்கள், 2016-ல் வெளியானது. உங்கள் துறையில் ஆண்தான் கெட்டிக்காரர் என்று மற்றவர்கள் நினைக்கிறார்களா என்பது கேள்வி. அப்படி நினைக்கிறார்கள் என்று அதிகம் உணர்ந்தவர்கள் சர்ஜரி படிக்கிற பெண்கள். அவர்களிலும் அதிகமாக உணர்ந்தவர்களின் மனநலம் மோசமாக இருந்தது. கவனியுங்கள், யாரும் திட்ட வேண்டியதில்லை. அந்த நினைப்பு சுற்றி இருந்தாலே போதும், கத்தியை எடுக்கும்போது பாதி மனசு, தப்பு செய்தால் பொம்பளை என்பார்களே என்பதில் போய்விடுகிறது.

சரி, பெண் சர்ஜன்களின் கை எப்படி? கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள், 2017-ல் வந்த ஆய்வு. பெண் சர்ஜன்கள் செய்த ஆபரேஷனுக்குப் பிறகு முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் சற்றுக் குறைவு. வித்தியாசம் சின்னதுதான், அதை வைத்துப் பெண்ணைத் தேடிப் போங்கள் என்று சொல்ல மாட்டேன். பெண் என்பதற்காகப் பயப்படாதீர்கள் என்பேன்.

நேரம் முடிந்தது என்று ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். வீட்டைப் பற்றிப் பேச நினைத்தேன், ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். "சர்ஜரி வேண்டாம்மா, கல்யாணம் ஆகணும், கண் டாக்டருக்குப் படி" என்கிற அப்பாக்களே, கண்ணில் செய்வதும் ஆபரேஷன்தான். பிரசவத் துறைக்குப் போக ஆசைப்பட்டுத் திட்டு வாங்கும் பையன்களின் கதை இன்னொரு நாளைக்கு. உங்களுக்கு ஆபரேஷன் என்றால், இந்த ஆபரேஷனை இதுவரை எத்தனை செய்திருக்கிறீர்கள், உள்ளே கூட யார் இருப்பார்கள் என்று தாராளமாகக் கேளுங்கள். ஆண் டாக்டரிடமும் கேளுங்கள். வணக்கம்.