நெட்சுகே வாங்கும்முன் வயிற்றைப் பாருங்கள்

[திரையில்: உள்ளங்கையில் ஒரு மரத்தவளை. கை அதை மெதுவாகக் கவிழ்க்கிறது.]

முகம் இருக்கட்டும், வயிற்றைப் பாருங்கள். இரண்டு துளைகள் தெரிகின்றனவா? நெட்சுகே என்கிற பழைய ஜப்பானியச் சிறு செதுக்கல்களைச் சேர்க்க ஆசைப்படுபவர் முதலில் பார்க்கவேண்டிய இடம் அதுதான்.

எடோ காலத்தில், அதாவது 1603 முதல் 1868 வரை, ஜப்பானியர் உடுத்திய கிமோனோவில் தைத்த பை கிடையாது. புகையிலைப் பை, மருந்து வைக்கும் இன்ரோ என்கிற அடுக்குப் பெட்டி எல்லாம் ஓபி என்ற இடுப்புப் பட்டையில் கயிறு கட்டித் தொங்கும். கயிறு நழுவாதிருக்க மறுமுனையில் ஒரு குமிழ் வேண்டுமே, அதுதான் நெட்சுகே.

[நெருக்கக் காட்சி: துளைகள்]

இந்தத் துளைகளுக்கு ஹிமோதோஷி என்று பெயர். பலவற்றில் ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருக்கும். முடிச்சு பெரியதற்குள் ஒளிந்துகொள்ளும். கயிறு உரசி உரசி விளிம்பு மழுங்கியிருக்க வேண்டும். நேற்றுத் துளைத்தது போலக் கூர்மையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். சரி, துளையே இல்லையென்றால்? உடனே ஒதுக்கிவிடாதீர்கள். உருவத்தின் கால் இடுக்கு வழியாகவே கயிறு போவதுண்டு. அதுவும் இல்லையென்றால் அது அலமாரியில் வைக்கச் செய்த ஓகிமோனோ. அழகாக இருக்கலாம், ஆனால் நெட்சுகே அல்ல.

அப்புறம், கையில் உருட்டிப் பாருங்கள். எங்கும் குத்தக் கூடாது. நீட்டிக்கொண்டிருக்கும் வால் துணியில் மாட்டும், தானும் முறியும். அதனால்தான் எலியின் வாலை உடம்போடு சுற்றிவிடுவார்கள். மேடான இடங்கள் வழவழப்பாகவும் பள்ளங்கள் அழுக்கேறியும் இருந்தால் நல்லது. பள்ளத்திலும் ஒரே சீரான தேய்மானம் என்றால் பழசுபோலத் தெரிய யாரோ செயற்கையாகத் தேய்த்திருக்கிறார்கள். பிசினை அச்சில் வார்த்துச் செய்த போலிகள் அத்தனை சாமர்த்தியமானவை அல்ல. அச்சுக் கோடும் காற்றுக் குமிழியும் பூதக்கண்ணாடியில் மாட்டிக்கொள்ளும்.

[திரையில்: தவளையின் முதுகு]

இந்தத் தோல் மருக்களைக் கொஞ்சம் ரசிப்போம். சிறந்த வேலைகளில் இவற்றை நேராகச் செதுக்குவதில்லை. மழுங்கிய முனையால் மரத்தை அழுத்திக் குழி செய்வார்கள். அந்தக் குழியின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள மரத்தைச் சீவி எடுப்பார்கள். பிறகு தண்ணீர் காட்டினால், அமுங்கிய இழைகள் உப்பி மருவாக எழும்பும்! உகிபோரி என்பது இதன் பெயர். பாக்ஸ்வுட் போன்ற நெருக்கமான இழை உள்ள மரம் இதற்கு வாகானது.

1868-க்குப் பிறகு மேற்கத்திய உடை வந்தது, சட்டைப் பை வந்தது, நெட்சுகேக்கு வேலை போயிற்று. வெளிநாட்டவருக்கு விற்கவே செதுக்கியவை பெருகின. அவற்றில் பலவற்றின் துளைகள் கயிற்றையே பார்த்ததில்லை.

[திரையில்: இரண்டு எழுத்துகள்]

கையெழுத்தைக் கடைசியில் படியுங்கள். இங்கே ‘மசனாவோ’ என்றிருக்கிறது. இசே பகுதியின் யமாதாவில் தவளையும் எலியும் செதுக்கிய குடும்பம் தலைமுறை தலைமுறையாக இந்தப் பெயரையே பொறித்தது. கியோட்டோவில் 18-ஆம் நூற்றாண்டிலேயே இன்னொரு மசனாவோ இருந்தார். பெயர் ஒன்றுதான், ஆள் வேறு.