பாலி ஃபார்மர்: கையால் ஆட்டத்தை மாற்றியவர்

நண்பர்களே, காலாலும் கையாலும் ஆடும் ஆஸ்திரேலியக் கால்பந்தில் கைக்கு ஒரு மரியாதை வாங்கிக் கொடுத்தவரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். கிரஹாம் ஃபார்மர். பாலி என்றால்தான் அங்கே எல்லோருக்கும் தெரியும்.

1935இல் பிறந்த நூங்கர் பழங்குடிக்காரர். பெற்ற தாயிடம் வளரக் கொடுத்துவைக்கவில்லை, பெர்த் நகரின் சிஸ்டர் கேட்ஸ் விடுதியில்தான் வளர்ந்தார். போதாததற்குப் போலியோ வேறு வந்து ஒரு கால் சற்றுக் குட்டையாகிவிட்டது. அந்தக் காலை வைத்துக்கொண்டுதான் அன்றைக்கு நடுவர் தரையில் அடித்து எழுப்பிய பந்துக்கு எகிறிப் போட்டியிடும் ரக்மேன் ஆனார்!

இந்த ஆட்டத்தில் பந்தைக் கையால் எறியக்கூடாது. ஒரு கையில் ஏந்தி, மறு கை முஷ்டியால் குத்தித்தான் அனுப்ப வேண்டும். வேறு வழியே இல்லாதபோது பந்தைத் தள்ளிவிடத்தான் பலரும் அதைச் செய்தார்கள். ஃபார்மரோ பந்தைப் பிடித்த கையோடு, தூரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் தன் ஆளைப் பார்த்துக் குறி தவறாமல் குத்துவார். நிறுத்தியிருந்த கார்களின் திறந்த ஜன்னலுக்குள் பந்தைக் குத்திக் குத்தியே பழகினார் என்று சொல்வார்கள். இன்றைக்கு ஏஎஃப்எல் என்ற தேசிய லீக் ஆட்டம் பார்த்தால் கைமாற்றிக் கைமாற்றிப் பந்து பறக்கிறதே, அந்த வேகத்துக்கு வழி போட்டதில் இவருக்குப் பெரும் பங்கு உண்டு.

1962இல் ஜிலாங் அணிக்கு வந்த முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போயிற்று. சரி, முடிந்தது கதை என்று நினைத்திருப்பார்கள். மறு வருடமே சக வீரர் பில் காகினுடன் சேர்ந்து இறுதி ஆட்டத்தில் ஹாதார்ன் அணியை 49 புள்ளி வித்தியாசத்தில் வீழ்த்தி ஜிலாங்குக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். அப்புறம் ஊர் திரும்பி, வெஸ்ட் பெர்த் அணியின் கேப்டனாகவும் பயிற்சியாளராகவும் 1969, 1971 இரண்டு இறுதி ஆட்டங்களிலும் தன் பழைய அணியான ஈஸ்ட் பெர்த்தையே தோற்கடித்தார்.

பெர்த்தில் அவர் பெயரில் ஒரு நெடுஞ்சாலை இருக்கிறது, பழங்குடி மாணவர்களின் படிப்புக்கு உதவும் அறக்கட்டளையும் இருக்கிறது. ஆனால் அவர் விட்டுப்போனதில் இன்னொன்றும் உண்டு, பெருமை பேசும் மேடைகளில் அதை விழுங்கிவிடுகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம். கடைசிக் காலத்தில் அவருக்கு நினைவு தப்பிப்போயிற்று. 2019இல் இறந்தபின் குடும்பத்தார் அவர் மூளையை ஆய்வுக்குக் கொடுத்தார்கள். திரும்பத் திரும்பத் தலையில் அடிபடுவதால் வரும் சிடிஇ நோய் இருந்தது 2020இல் தெரியவந்தது. இந்த ஆட்டத்தில் அது உறுதியான முதல் வீரர் அவர்தான்.

அடுத்து டேனி ஃபிராலி, ஷேன் டக் என்ற இரு வீரர்களின் மூளையிலும் அதே நோய். டக் இறக்கும்போது வயது 38. தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்த வீரர் குறைந்தது 12 நாள் களமிறங்கக்கூடாது என்று 2021இல் ஏஎஃப்எல் விதி கொண்டுவந்தது. என்னைக் கேட்டால், 12 நாள் போதவே போதாது.