ஷிப்ட் வேலையோடு சேனலை விடாமல் நடத்துவது எப்படி? உப்புவெளித் தங்கச்சியின் கேள்விக்குப் பதில்

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுக்கப் போகிறேன். திருகோணமலை உப்புவெளியில் இருந்து ஒரு தங்கச்சி குரல் பதிவாக அனுப்பியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் நேர்ஸ் வேலை, நான்கு வயதில் ஒரு மகள். நம்முடைய ஊர்ச் சமையலைக் காட்டும் சேனல் வைத்திருக்கிறார், 640 பேர் சந்தாதாரர்கள். அவர் சொன்னது இதுதான்: "அண்ணா, ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு வீடியோ என்று சொல்லித் தொடங்கினேன். ஆறு கிழமை போட்டேன். அப்புறம் இரண்டு ஞாயிறு அடுத்தடுத்து டியூட்டி வந்தது, அதோடு விட்டுப்போயிற்று. இப்போது மூன்று மாதம். சொதியும் கணவாய்க் கறியும் எடுத்தபடி போனில் கிடக்கிறது, தொட மனமே வருகுதில்லை. இனிப் போட்டாலும் யூடியூப் காட்டுமா? எப்படி விடாமல் செய்வது?"

முதலில் அந்தப் பயத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூன்று மாத இடைவெளியால் உங்கள் சேனல் செத்துப்போகவில்லை. விளம்பர வருமானத்துக்கு யூடியூப் கேட்பது 1000 சந்தாதாரர், கடைசி 12 மாதத்தில் 4000 மணி நேரப் பார்வை. கிழமைக்கு இத்தனை வீடியோ போட வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. வருமானம் வரத் தொடங்கிய சேனல்களுக்குக்கூட, ஆறு மாதமோ அதற்கு மேலோ வீடியோவும் போடாமல் பதிவும் போடாமல் இருந்தால்தான் அந்த வசதியை நிறுத்தக்கூடும் என்கிறார்கள். உங்களைக் கட்டிப்போட்டது யூடியூப் விதித்த சட்டம் இல்லை தங்கச்சி. நீங்களே சொன்ன "ஞாயிறு தோறும்" என்ற வாக்குத்தான்.

அந்த வாக்கை ஏன் காப்பாற்ற முடியவில்லை என்று பாருங்கள். உங்கள் வேலைக்கு ஞாயிறும் இல்லை, திங்களும் இல்லை, ரோஸ்டர்தான் இருக்கிறது. ஒரு நாள் காலை ஏழிலிருந்து ஒரு மணி, இன்னொரு நாள் ஒரு மணியிலிருந்து ஏழு, இன்னொரு நாள் இரவு முழுக்க. இப்படி மாறி மாறி வரும் வாழ்க்கையில், சனிக்கிழமை எடுத்து, அன்றிரவே எடிட் செய்து, ஞாயிறு போடுவது கந்தோருக்குப் போகிற என்னைப் போன்ற ஆட்களின் கணக்கு. அதை நீங்கள் கடன் வாங்கியிருக்கிறீர்கள். எடுக்கிற நாளை ரோஸ்டர் தீர்மானிக்கட்டும், வெளிவருகிற நாளை மட்டும் நீங்கள் தீர்மானியுங்கள். வீடியோவை ஏற்றும்போதே இன்ன திகதி, இன்ன நேரத்துக்கு வெளியாகட்டும் என்று குறித்துவைக்கிற வசதி யூடியூப்பிலேயே இருக்கிறது. நீங்கள் வார்டில் நிற்கும்போது அது தன்பாட்டில் வெளியாகும்.

இதை நான் படித்தது நல்ல காலத்தில் இல்லை. 2021இல் நானும் நாளுக்கு ஒரு வீடியோ என்று ஒரு மாதத்துக்கு வாக்குக் கொடுத்தேன். ஒன்பதாம் நாள் நின்றுபோனது. கோணேசர் கோவிலுக்குப் போகிற வழியில், சுவாமி மலையில் நின்று பேசியே எடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். அது கச்சான் காற்றுக் காலம். வீட்டுக்கு வந்து கேட்டால் என் குரலே இல்லை, போன் மைக்கில் காற்று அடித்த சத்தம் மட்டும்தான். அடுத்த நாளுக்குக் கையில் வேறு ஒன்றும் இருக்கவில்லை. அதோடு விட்டேன்.

பிறகு 2022இல் இலங்கையில் பொருளாதார நெருக்கடி வந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். கணினி இல்லை, எடிட் இல்லை. பெட்ரோல் வரிசையில் நிற்கும்போது சும்மா இருக்க முடியாமல், மகனின் பழைய கொப்பி ஒன்றில் என்ன பேசுவது என்று எழுதத் தொடங்கினேன். கன்னியா வெந்நீரூற்றின் ஏழு கிணறுகள் பற்றி ஒரு பக்கம், கோட்டைக்குள் திரியும் மான்கள் பற்றி ஒன்றரைப் பக்கம். மின்சாரம் ஒழுங்காக வரத் தொடங்கியபோது அந்தக் கொப்பியில் பதினொரு வீடியோவுக்கான எழுத்து இருந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை நான் நின்றுபோகவில்லை. முன்பெல்லாம் ஒவ்வொரு வீடியோவையும் வெறுங்கையோடு தொடங்கினேன், அந்தக் கனம்தான் என்னை உட்கார வைத்தது. இப்போது எப்போது உட்கார்ந்தாலும் பாதி செய்த ஏதோ ஒன்று எனக்காகக் காத்திருக்கிறது.

சரி, உங்கள் அடுப்படிக்கு வருவோம். வீடியோவுக்காகத் தனியாகச் சமைக்காதீர்கள். வீட்டுக்கு எப்படியும் சமைக்கிறீர்கள், அதையே எடுங்கள். பகல் ஒரு மணிக்குத் தொடங்குகிற டியூட்டி இருக்கிற நாளில் காலை ஒன்பது, ஒன்பதரைக்குச் சமைப்பீர்கள். ஜன்னல் வெளிச்சமும் அப்போது நன்றாக இருக்கும். நைட் டியூட்டி முடித்து வந்த நாளில் போனைக் கையில் எடுக்கவே வேண்டாம், நித்திரை கொள்ளுங்கள். இதை நான் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

சமையல் முழுவதையும் எடுக்கவும் தேவையில்லை. என் அம்மா சொதி வைத்ததை ஒருமுறை தொடக்கத்திலிருந்து முடிவுவரை எடுத்தேன், நாற்பது நிமிடம். அதில் கடைசியாகப் பயன்பட்டது மூன்று நிமிடம்கூட வராது. பச்சைமிளகாய், வெங்காயம், வெந்தயம் எல்லாம் இரண்டாம் பாலில் கொதிக்கத் தொடங்குகிற இடம் ஒன்று. மஞ்சள் போட்டதும் நிறம் மாறுகிற இடம் ஒன்று. முதற்பாலை விட்டு, நுரை கட்டி, திரைவதற்கு முன்னே அம்மா சட்டியை இறக்குகிற அந்தப் பத்து வினாடி. அப்புறம் தேசிக்காய் பிழிகிற கை. இவ்வளவுதான் சொதி. எடுப்பதற்கு முன்பே இந்த நான்கைந்து இடத்தையும் ஒரு துண்டில் எழுதி, அலுமாரிக் கதவிலோ பால்மா டின்னிலோ ஒட்டிவையுங்கள். அந்த நேரத்துக்கு மட்டும் போனைப் பிடியுங்கள். சட்டிக்கு நேர் மேலே பிடித்தால் ஆவி லென்ஸில் படிந்து படம் புகையாகிவிடும். கொஞ்சம் பக்கவாட்டில், ஒரு டின்னில் சாய்த்து வைத்தால் போதும்.

எடுக்கும்போது பேச வேண்டாம். இது உங்களுக்கு மிக முக்கியம், ஏனென்றால் வீட்டில் நான்கு வயதுப் பிள்ளை. பேசிக்கொண்டே எடுத்தால், பிள்ளை ஒருதரம் "அம்மா" என்றால் மறுபடி முதலில் இருந்து. குரலைப் பிறகு தனியாகப் பதியுங்கள். மகள் நித்திரையான பிறகு, சேலை நிறையத் தொங்கும் அலுமாரியைத் திறந்து அதற்குள் முகத்தை வைத்துப் பேசிப் பாருங்கள். துணி எதிரொலியைக் குடித்துவிடும். நான் இன்னும் அப்படித்தான் செய்கிறேன், பெரிய மைக் ஒன்றும் என்னிடம் இல்லை.

4கே என்கிற மிக உயர்ந்த படத் தரத்தில் எடுக்கவும் வேண்டாம். ஐபோனில் ஒரு நிமிடம் 4கேயில், வினாடிக்கு 30 பிரேமில் எடுத்தால் சுமார் 170 எம்பி வரும். அதற்குக் குறைந்த 1080 தரத்தில் அதே நிமிடம் சுமார் 60 எம்பிதான். உங்கள் போன் வேறாக இருந்தாலும் இந்த வித்தியாசம் இருக்கும். போனும் நிறையாது, டேட்டாவும் மிஞ்சும். சட்டியில் கொதிக்கிற சொதியைக் கைப்பேசியில் பார்க்கிறவருக்கு 1080 தாராளம்.

இனி எத்தனை நாளுக்கு ஒன்று? இரண்டு கிழமைக்கு ஒன்று என்று வையுங்கள். கிழமைக்கு ஒன்று உங்கள் வேலைக்குக் கூடுதல். ஆனால் அதை இப்போதே யாருக்கும் சொல்லிவிடாதீர்கள். முடித்த வீடியோ மூன்று கையில் இருக்கும்போதுதான் நாளை அறிவிக்க வேண்டும். மூன்று இருந்தால் ஆறு கிழமைக்குப் பயமில்லை. மகளுக்குக் காய்ச்சல் வரலாம், ரோஸ்டர் தலைகீழாகலாம், வேலை முடிந்து வந்து யாரோடும் கதைக்க மனமில்லாத நாளும் வரலாம். உங்கள் வேலையில் அப்படி நாட்கள் வரும் என்று எனக்குத் தெரியும். அந்த நாட்களில் சேனலும் சேர்ந்து உங்களை நெருக்கக்கூடாது. கையிருப்பு இரண்டாகக் குறைந்தால் அடுத்ததை எடுக்கலாம். ஒன்றாகிவிட்டால் மற்ற வேலையைச் சற்றுத் தள்ளிவைத்து எடுங்கள்.

நானும் வருடம் முழுக்க அப்படித்தான் ஓட்டுகிறேன். ஆடி, ஆவணியில் நிலாவெளி, புறாத்தீவு எல்லாம் எடுத்து வைத்துவிடுவேன். கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றும் மழையும் வரும்போது வெளியே போகாமலே அவற்றை முடித்துப் போடுவேன்.

போனில் கிடக்கிற அந்தச் சொதியும் கணவாய்க் கறியும் இருக்கிறதே, அவற்றை அழித்துவிடாதீர்கள் தங்கச்சி. இந்தக் கிழமை ஓர் இரவு சொதிக்கு மட்டும் குரல் கொடுங்கள், வெட்டி ஒட்டுகிற வேலை வேறொரு நாள் இருக்கட்டும். அடுத்த கிழமை கணவாய்க்கு. அதற்குள் ஒரு மணி டியூட்டி ஒன்று எப்படியும் வரும், அன்று காலை வீட்டில் என்ன கறியோ அதுதான் உங்கள் மூன்றாவது. மூன்றும் முடிந்ததும் எனக்கு ஒரு குரல் பதிவு அனுப்புங்கள், எந்த நாளில் வெளியிடுவது என்று சேர்ந்து பார்ப்போம்.