மோடம் என்ன சொல்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

பிராட்பேண்ட் வருவதற்கு முன்னால் வீட்டு டெலிபோன் லைனில்தான் இணையம் வந்தது. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வட்டாரத்தில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இயங்குதளம் போட்ட கணினிகளுக்கு மோடம், அதாவது கணினியை டெலிபோன் லைனோடு இணைக்கும் கருவி, பார்த்துக் கொடுப்பது அன்று என் வேலை. "லினக்ஸில் மோடம் ஓடாது" என்பது ஊர்ப்பேச்சு. அது பாதிதான் உண்மை.

நல்ல மோடத்துக்குள் தனிச் செயலி இருக்கும். தகவலை ஒலியாக்குவது, ஒலியைத் தகவலாக்குவது எல்லாம் அதன் பொறுப்பு. விலை குறைந்த உள்கார்டுகளில் இந்த வேலையைக் கணினியின் தலையில் கட்டிவிடுவார்கள். மென்பொருளை மட்டும் விண்டோஸுக்கு எழுதித் தருவார்கள். இவைதான் வின்மோடங்கள். சில சில்லுகளுக்கு லினக்ஸ் டிரைவர், அதாவது கருவியை இயக்கும் மென்பொருள், கிடைத்தது, ஆனால் லினக்ஸின் மையமான கர்னலை மாற்றினால் அதை மூல நிரலிலிருந்து மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். இந்த வம்பே வேண்டாம் என்று கணினியின் பின்புறம் சீரியல் போர்ட்டில் சொருகும் வெளிமோடம் வாங்கச் சொல்வேன். அதற்கு டிரைவர் தனியாக வேண்டாம். அந்தப் போர்ட்டுக்கு விண்டோஸில் காம் 1 (COM1) என்று பெயர், லினக்ஸில் டிடிஒய்எஸ் 0 (ttyS0). எண் ஒன்று குறையும். பலர் தடுக்கி விழுந்த இடம் இது.

சரி, அந்தக் காலத்து மோடம் ஒன்று இருக்கிறது, இணைப்பு கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். எந்தப் பக்கம் கோளாறு என்பதை மோடமே சொல்லும். மோடத்தோடு நேராகப் பேச உதவும் மினிகாம் என்ற லினக்ஸ் நிரலைத் திறந்து ஏடி (AT) என்று தட்டுங்கள். ஓகே என்று பதில் வந்தால் கணினிக்கும் மோடத்துக்கும் நடுவில் தகராறு இல்லை. வராவிட்டால் போர்ட் எண்ணைப் பாருங்கள். டெபியன் என்ற லினக்ஸ் வகை என்றால், போர்ட்டைப் பயன்படுத்த அனுமதி தரும் டயல்அவுட் (dialout) குழுவில் பயனர் இருக்கிறாரா என்றும் பாருங்கள்.

டயல் செய்யும்போது மோடம் 'நோ டயல்டோன்' (டயல் டோன் இல்லை) என்றால் அதே டெலிபோன் சாக்கெட்டில் போனைச் சொருகிக் கேளுங்கள். குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்றில் சாக்கெட் முனைகள் பச்சை பிடித்துப் போகும். போனில் டோன் நன்றாகக் கேட்டும் மோடம் அடம்பிடித்தால், நம்மூர் டோன் அதற்குப் பழக்கமில்லை என்று அர்த்தம். மினிகாமில் ஏடிஎக்ஸ் 3 (ATX3) என்று கொடுத்தால் டோனுக்குக் காத்திராமல் டயல் செய்துவிடும்.

மோடம் கத்திக் கத்தி ஓய்ந்த பிறகு, மறுமுனையோடு இணைய முடியவில்லை என்று பொருள்படும் 'நோ கேரியர்' வந்தால் லைனில் இரைச்சலா என்று பாருங்கள். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. தென்னை ஓலை உரசும் கம்பிகளுக்கும் ஈரம் புகுந்த ஜாயின்டுகளுக்கும் பஞ்சமில்லை. போனை எடுத்து ஒரே ஓர் எண்ணை அழுத்துங்கள். டோன் நின்றுவிடும். அந்த அமைதியில் கரகரப்பு கேட்டால் லினக்ஸை நோண்டாதீர்கள், லைன்மேனைக் கூப்பிடுங்கள். நொடிக்கு 56 கிலோபிட் வேகத்துக்கான 56 கே மோடம் 28-இல் தவழ்வதும் பெரும்பாலும் இதனால்தான். பக்கத்து அறையில் யாராவது ரிசீவரை எடுத்தாலும் இணைப்பு அறுந்துவிடும். வீட்டில் சண்டை வர அது ஒன்றே போதும்.

இணைப்பு கிடைத்தும் பக்கம் திறக்காவிட்டால், தளத்தின் பெயருக்குப் பதில் அதன் எண் முகவரிக்குப் பிங் கொடுங்கள், அதாவது பதில் வருகிறதா என்று சோதிக்கும் கட்டளையைக் கொடுங்கள். பதில் வந்தால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வரின் முகவரிதான் விட்டுப்போயிருக்கிறது. வராவிட்டால், நெட்வொர்க் கார்டு ஏற்கெனவே ஒரு டிஃபால்ட் ரூட்டை, அதாவது வெளியே போகும் இயல்பு வழியை, பிடித்து வைத்திருக்கலாம். டெலிபோன் இணைப்பை நடத்தும் பிபிபி (PPP) மென்பொருள் அதைத் தானாக மாற்றாது. நாம்தான் நீக்க வேண்டும்.

ஐப்பசி இடிக்கு மின் பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது. டெலிபோன் கம்பியையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

வணக்கம்.