சொட்டுக் கணக்கு

(மதுரை தல்லாகுளத்தில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். போன மாதம் இதே இடத்தில் தைராய்டு பற்றிப் பேசினேன். பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். இன்றைக்கு நாற்காலி போதவில்லை. தலைப்பில் கஞ்சா இருக்கிறது, வேறென்ன.

நான் டாக்டர் இல்லை, பார்மசிஸ்ட். பெரியாஸ்பத்திரி பக்கம் 31 வருஷமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சித்திரைத் திருவிழா முடிந்த வாரம், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் கடைக்கு வந்தார். கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றிருந்துவிட்டு, மஞ்சப்பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தார். "அண்ணே, இதைப் பையனுக்குக் கொடுக்கலாமாண்ணே?" பையனுக்கு ஏழு வயது. மூன்று விதமான மாத்திரை கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை. சொந்தக்காரர் ஒருவர் செல்போனில் வீடியோ அனுப்பியிருக்கிறார், கஞ்சா எண்ணெயில் ஒரு குழந்தைக்கு வலிப்பு நின்றதாக. இவர் இணையத்தில் 4,000 ரூபாய் கொடுத்து வாங்கிவிட்டார்.

அவருக்கு நான் சொன்ன பதிலைக் கடைசியில் சொல்கிறேன். அந்த வீடியோவில் இருந்தது முழுப் பொய்யும் இல்லை என்பதை முதலில் பார்ப்போம்.

இந்தச் செடியை மேல்நாட்டு மருத்துவத்துக்குள் கொண்டுபோனதே கல்கத்தாவிலிருந்து ஒருவர்தான். ஓஷானஸி என்ற அயர்லாந்து டாக்டர். பிற்பாடு இந்தியாவுக்குத் தந்திக் கம்பி போட்டவரும் இவரே. 1839-இல் கஞ்சாச் சாற்றை நாய்களுக்கும் பிற விலங்குகளுக்கும் கொடுத்துப் பார்த்து, அப்புறம் நோயாளிகளுக்குக் கொடுத்தார். ரண ஜன்னியிலும் (டெட்டனஸ்), ஒரு கைக்குழந்தையின் வலிப்பிலும் பலன் கண்டதாக எழுதினார். வெறிநாய் கடித்தவரை அது பிழைக்க வைக்கவில்லை, சாவின் வேதனையை மட்டும் குறைத்தது என்பதையும் மறைக்காமல் எழுதினார். அந்த நேர்மைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

பிறகு ஏன் அது மருந்துக்கடை அலமாரியிலிருந்து காணாமல் போனது? சட்டம் வருவதற்கு முன்பே டாக்டர்கள் அலுத்துப்போனார்கள். ஒரு பாட்டில் வேலை செய்யும், அடுத்த பாட்டில் செய்யாது. சாறு தண்ணீரில் கரையாது, எனவே ஊசியாகப் போடவும் முடியாது. அபினிலிருந்து வலி மருந்தான மார்ஃபினை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தனியாகப் பிரித்துவிட்டார்கள். அதை அளந்து கொடுக்க முடிந்தது. கஞ்சாவை அளக்க முடியவில்லை.

கஞ்சாவின் போதைப் பொருளைச் சுத்தமாகப் பிரித்து அதன் அமைப்பைச் சொல்வதற்கு 1964 ஆகிவிட்டது. செய்தவர்கள் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கோலமும் அவருடைய கூட்டாளி கவோனியும். ஆராய்ச்சிக்கு மெக்கோலம் போலீஸிடம் போய் ஐந்து கிலோ ஹஷீஷ், அதாவது கஞ்சாப் பிசின், கேட்டு வாங்கி, பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் திரும்பினாராம். என்ன வாசனை என்று பஸ்ஸே மூக்கைச் சுளித்ததாம். தேனியிலிருந்து மதுரைக்கு அப்படி வந்திருந்தால் மனிதர் செக்கானூரணியைத் தாண்டியிருக்க மாட்டார்.

அவர் பிரித்த பொருள்தான் டிஹெச்சி. செடியில் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட பொருட்கள் இருந்தாலும் நமக்கு இரண்டு போதும். டிஹெச்சி போதை தரும். சிபிடி போதை தராது. இவற்றில் டிஹெச்சி போய் ஒட்டிக்கொள்ள நம் மூளையிலேயே ஏற்பிகள் இருக்கின்றன. நம் உடம்பு தானே தயாரிக்கும் ஒரு பொருளும் அதே இடத்தில் ஒட்டுகிறது. 1992-இல் அதைக் கண்டுபிடித்த அதே மெக்கோலம் குழு வைத்த பெயர் ஆனந்தமைடு. ஆமாம், நம் 'ஆனந்தம்'தான்.

சரி, எந்த நோய்க்கு உதவும்? வலிப்பில், டிராவே, லெனாக்ஸ்-காஸ்டோ போன்ற சில கடுமையான குழந்தைப்பருவ வகைகளுக்குச் சுத்தமான சிபிடி உதவுகிறது. டிராவே குழந்தைகளிடம் நடந்து 2017-இல் வெளியான சோதனையில், மாதத்துக்கு 12 வரை வந்த வலிப்பு 6 அளவுக்குக் குறைந்தது. வெறும் சர்க்கரைத் தண்ணீர் மாதிரியான போலி மருந்து குடித்தவர்களுக்குப் பெரிதாகக் குறையவில்லை. அடுத்த வருஷம் அமெரிக்கா அதை மருந்தாக அனுமதித்தது. புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்களின் வாந்திக்கு டிஹெச்சி கேப்ஸ்யூல் உண்டு. தண்டுவட, மூளை நரம்பு நோயான எம்.எஸ்.ஸில் தசை இறுகுவதற்கு வாயில் அடிக்கும் ஸ்ப்ரே உண்டு. நாள்பட்ட வலிக்கு ஓரளவு உதவும் என்கிறார்கள், ஆனால் வலி நிபுணர்களுக்குள்ளேயே அதில் ஒத்த கருத்து இல்லை. புற்றுநோயையே குணமாக்கும், சர்க்கரையைக் குறைக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதற்கு மனிதர்களிடம் நிரூபணம் கிடையாது.

"சித்தர்களே சொல்லியிருக்கிறார்களே" என்று முன்வரிசை ஐயா கேட்கிறார். சொல்லியிருக்கிறார்கள் ஐயா. சித்தமூலி என்றே அதற்கு ஒரு பெயர். ஆனால் நச்சு நீங்கச் சுத்தி செய்து, மற்ற மருந்துச் சரக்குகளோடு சேர்த்து, அளவு பார்த்துக் கொடுக்கச் சொன்னார்கள். வைகைக்குள் உட்கார்ந்து சிகரெட்டில் சுருட்டி இழுக்கச் சொல்லவில்லை.

அப்படி இழுக்கிற பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள்தான் என் கவலை. வளர்கிற மூளைக்கு டிஹெச்சி ஆகாது. குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு இருந்தால் இன்னும் ஆபத்து. புகைத்தால் சில நிமிடத்தில் ஏறும். சாப்பிட்டால் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம்கூட ஆகும். "ஒண்ணும் ஏறலையே" என்று இன்னொரு உருண்டையை முழுங்கிவிட்டுப் பெரியாஸ்பத்திரி வாசலில் வந்து நிற்பவர்கள் உண்டு.

சட்டத்துக்கு வருவோம். அமெரிக்காவில் டிஹெச்சி கேப்ஸ்யூலை அனுமதித்தது 1985-இல். நம் போதைப்பொருள் தடைச் சட்டமும் அதே 1985. அதன்படி கஞ்சா என்றால் பூவும் காயும் உள்ள நுனிப்பகுதி. தனி இலை அதில் வராது, வடக்கே இலையை அரைத்துச் செய்யும் பாங் விற்கும் கடை நடப்பது இதனால்தான். ஒரு கிலோவுக்குக் குறைவென்றால் சிறிய அளவு, அதற்கே ஒரு வருஷம்வரை சிறை. 20 கிலோவைத் தாண்டினால் பத்து வருஷத்துக்குக் குறையாது. மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் சட்டம் வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. 2020 டிசம்பரில் ஐ.நா. ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து எடுக்க வாக்கெடுத்தபோது 27-க்கு 25 என்று நிறைவேறியது. இந்தியா எடுக்கலாம் என்ற பக்கம்தான் வாக்களித்தது.

இங்கே என் சொந்த அபிப்பிராயம் ஒன்று. கஞ்சாவை அனுமதி என்று வாதாடுகிற நண்பர்கள், பக்கத்து ஊரில் புற்றுநோய் வலியில் துடிப்பவருக்கு மார்ஃபின் மாத்திரை கிடைக்கிறதா என்றும் கேட்க வேண்டும். 2014-இல் சட்டத்தைத் திருத்தி உரிமத்தைச் சுலபமாக்கியும், வாங்கி வைக்கப் பயப்படும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். நானும் பல வருஷம் பயந்தவன்தான்.

இப்போது அந்தப் பாட்டில். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிளைப் படித்தேன். 30 மில்லி, 'விஜயா' இலைச் சாறு 1,000 மில்லிகிராம். விஜயா என்றால் இந்தச் செடிக்கு ஆயுர்வேதப் பெயர். சாறு ஆயிரம், சரி. அதில் சிபிடி எவ்வளவு, டிஹெச்சி எவ்வளவு? போடவில்லை. அத்தனையும் சிபிடி என்றே வைத்துக்கொள்வோம். பையன் எடை 20 கிலோ. சோதனைகளில் படிப்படியாக ஏற்றிக் கொடுத்தது கிலோவுக்கு 10 முதல் 20 மில்லிகிராம். குறைந்த கணக்கிலேயே ஒரு நாளைக்கு 200 வேண்டும், பாட்டில் ஐந்து நாளில் காலி. லேபிளோ காலை 5 சொட்டு, ராத்திரி 5 சொட்டு என்கிறது. பத்துச் சொட்டு அரை மில்லி. அதில் இருப்பது 17 மில்லிகிராம்கூட இல்லை.

பில் பேப்பரின் பின்பக்கம் இதை எழுதிக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நிறைய ஊத்தினா சரியாயிருமாண்ணே?" என்றார்.

இதுதான் எனக்குப் பயம். பையன் சாப்பிடும் மூன்றில் ஒன்று வால்ப்ரோயேட். அதோடு சிபிடி அதிகமாகச் சேர்ந்தால் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் என்சைம் ஏறலாம். இன்னொன்று குளோபஜாம், அதன் வீரியத்தை சிபிடி கூட்டிவிடும், பிள்ளை தூங்கி வழிவான். மாத்திரைச் சீட்டையும் பாட்டிலையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்து, ஒரு சொட்டும் ஊற்றாமல் நரம்பு டாக்டரிடம் இரண்டையும் காட்டச் சொன்னேன். "திட்டுவாருண்ணே" என்றார். திட்டட்டும், காட்டுங்கள் என்றேன். பத்து நாள் கழித்து வந்தார். திட்டு விழுந்ததாம். ஒரு மாத்திரையின் அளவை மாற்றி எழுதியிருந்தார் டாக்டர். மருந்தை எடுத்துக் கொடுத்தேன். பாட்டில் அந்த மஞ்சப்பையிலேயே, மூடி திறக்காமல் இருந்தது.