140 பக்க கிரைம் நாவல் 300 ரூபாயா?

வணக்கம் மக்களே. அலமாரி டூர் போடுவதாகப் போன வாரம் சொல்லியிருந்தேன், அது இன்றைக்கு இல்லை. முதலில் இதைப் பேசியே ஆக வேண்டும். இதோ கையில் இருக்கிறது பாருங்கள், கிரைம் நாவல், 140 பக்கம், விலை 240 ரூபாய். கூரியர் 60. ஆக 300 ரூபாய். கிரைம் நாவலுக்கு!

எழுதியவர் புதியவர். கதை அருமை. திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறை, தொட்டிக்குள் ஒரு உடல், முழங்கை வரைக்கும் நீலம் ஏறிய கை. இரண்டாவது பக்கத்திலேயே ஆளைப் பிடித்து உட்கார வைத்துவிடுகிறார். அதனால் புத்தகத்தின் பெயரையோ பதிப்பகத்தின் பெயரையோ சொல்ல மாட்டேன், என் கோபத்தால் அந்த எழுத்தாளருக்கு ஒரு பிரதி விற்பனைகூடக் குறையக் கூடாது. ஆனால் புத்தகத்தைத் தயாரித்தவர்களை என்ன சொல்வது? இங்கே கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குக் காலி இடம், ஒவ்வொரு அத்தியாயத்துக்கு முன்னாலும் ஒரு வெற்றுப் பக்கம். நெருக்கி அடித்திருந்தால் 96 பக்கத்தில் முடிந்திருக்கும். அதுகூடப் பரவாயில்லை, பின்னட்டைக் குறிப்பை நான் விரலால் மறைத்துத்தான் காட்ட முடியும், ஏனென்றால் கொலை செய்தது யார் என்று அதில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். மர்ம நாவலின் பின்னட்டையில்! ஒரே ஒரு ஆள் படித்துப் பார்த்திருந்தால்கூட இது நடந்திருக்காது.

சரி, விலைக்கு வருகிறேன். இது பிரிண்ட் ஆன் டிமாண்ட், சுருக்கமாகப் பிஓடி, அதாவது ஆர்டர் வந்தால்தான் அச்சாகும். மொத்தமாக அடிக்கும் ஆஃப்செட் அச்சில் பிளேட் போடுவது, மெஷினைத் தயார் செய்வது எல்லாம் ஒரு தடவைச் செலவு, ஆயிரம் பிரதி அடித்தால் அந்தச் செலவு ஆயிரமாகப் பிரிந்துவிடும். பிஓடியில் அப்படிக் கிடையாது, ஒன்று அடித்தாலும் நூறு அடித்தாலும் பிரதிக்கு ஏறக்குறைய அதே செலவுதான். அதற்கு மேல் கடைக்காரர் கமிஷன், அதற்கும் மேல் எழுத்தாளருக்கு ஏதாவது. கவிதைத் தொகுப்புக்கும் ஆய்வு நூலுக்கும் இது வரப்பிரசாதம், விற்காத கட்டுகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைக்க வேண்டியதில்லை, கைக்காசு போடவும் வேண்டாம். அதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் கிரைம் நாவல் என்பது பஸ் கிளம்ப ஐந்து நிமிஷம் இருக்கும்போது சில்லறையை எடுத்து நீட்டி வாங்கும் பொருள். 300 ரூபாய் என்றால் யோசிப்போம், யோசித்தால் வாங்க மாட்டோம்.

பாக்கெட் நாவல், மாலைமதி, ராணி முத்து எல்லாம் அப்படித்தானே வீட்டுக்குள் வந்தன. நியூஸ்பிரிண்ட் தாள், நடுவில் பின், கடை வாசல் கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கும். நூறு பக்கத்துக்குள் முடிக்க வேண்டும், மாதம் தவறாமல் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம்தான் நம் ஊர் கிரைம் கதையின் வடிவத்தையே செய்தது என்பது என் கருத்து. எங்கள் கோயம்புத்தூர் ராஜேஷ்குமாரை எடுத்துக்கொள்ளுங்கள். அத்தியாயம் மாற்றி அத்தியாயம் இரண்டு தடத்தில் கதை ஓடும், இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று மண்டை காயும், கடைசியில் வந்து முடிச்சு விழும். இடம் குறைவு என்பதால் வர்ணனைக்கு வேலையே இல்லை. இதை இலக்கியம் இல்லை என்று ஒதுக்கியவர்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. 2008ல் சென்னையிலிருந்து பிளாஃப்ட் பதிப்பகம் இந்தக் கதைகளைத் தொகுத்து ஆங்கிலத்தில் கொண்டு வந்த பிறகு, அதுவரை மூக்கைச் சுளித்த சிலரே வாங்கி அலமாரியில் வைத்தார்கள். தமிழில் பஸ் ஸ்டாண்டில் தொங்கியபோது எங்கே போனார்கள்?

அட, ஒன்றை விட்டுவிட்டேன். உக்கடம் பழைய புத்தகக் கடையில் ஒரு பைண்டு வால்யூம் மாட்டியது! வாரப் பத்திரிகைத் தொடர்கதையை யாரோ வாராவாரம் கிழித்துச் சேர்த்து, காலிகோ அட்டை போட்டு பைண்டு பண்ணி வைத்திருக்கிறார்கள். கடைக்காரர் 350 சொன்னார், நான் 150ல் ஆரம்பித்தேன், அவர் 250க்கு இறங்கினார், நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்துக் கடைப் பக்கம் திரும்பினேன், கூப்பிட்டு 180க்குக் கொடுத்தார். நூற்றெழுபது ரூபாய் குறைப்பு, எனக்கு அன்றைக்கு முழுவதும் தரையில் கால் படவில்லை. இதில் கதை மட்டுமா இருக்கிறது, பக்கத்தின் அடியில் ஜோக், ஓரத்தில் சோப்பு விளம்பரம், ஒவ்வொரு வாரமும் படம். சுஜாதா முதல் நாவலை 1968ல் குமுதத்தில் எழுதியதும் இப்படித் தொடராகத்தான். வாசகர் ஏழு நாள் காத்திருக்கத் தயாராக இருந்தார் என்றால், வாரக் கடைசி வரியில் அந்த அளவுக்கு ஒரு கொக்கி இருந்தது.

அந்தக் கொக்கி இப்போது போனுக்குள் போய்விட்டது. யாரும் படிப்பதில்லை என்று மேடைக்கு மேடை சொல்கிறார்களே, அது சுத்தப் பொய். டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டை எட்டிப் பாருங்கள், பிரதிலிபி என்ற கதை ஆப்பில் தொடர் ஓடிக்கொண்டிருக்கும். குடும்ப நாவல் எழுதும் பெண்கள் முதலில் இணையத்தில் அத்தியாயம் அத்தியாயமாகப் போடுகிறார்கள், பிறகு அதுவே அச்சாகி வாடகை நூலகங்களுக்குப் போகிறது. சத்தமே இல்லாமல் ஒரு பெரிய சந்தையைக் கட்டியிருக்கிறார்கள், அவர்களைப் பற்றிப் பேச ஆள் இல்லை. அமேசானின் மின்நூல் தளமான கிண்டிலில் 2016 கடைசியில் தமிழ் வந்ததே, அதற்குப் பிறகு எழுத்தாளர் யாருடைய தயவும் இல்லாமல் நேரடியாகப் போடலாம்.

ஆனால் அங்கேயும் வடிவத்தைத் தீர்மானிப்பது காசுதான். சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட்டில் வாசகர் எத்தனை பக்கம் படித்தார் என்ற கணக்கில் பணம். அப்படியென்றால் என்ன ஆகும்? நீட்டுவார்கள். விசாரணை அதிகாரி காபி குடிக்கிற காட்சி நான்கு பக்கம். தொடர் ஆப்களில் தினமும் ஒரு பாகம் போட வேண்டும், நூறு பாகம் தாண்டியும் கொலையாளி பிடிபட மாட்டான். குடும்பக் கதைக்கு அந்த நீளம் பொருந்துகிறது, நானே ராத்திரி முழுக்க உட்கார்ந்து படித்திருக்கிறேன். கிரைமுக்குப் பொருந்தவே பொருந்தாது. துப்பு கொடுத்தது ஏழாவது பாகத்தில், அவிழ்ப்பது தொண்ணூறாவது பாகத்தில் என்றால் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

அதனால் நான் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு பத்திரிகைக் கடையில் போய்க் கேட்டேன். சிறிய புத்தகம், 50 ரூபாய், புதிய எழுத்தாளர், தொங்க விடுவீர்களா என்று. "கொண்டு வாங்க, வித்தா காசு, விக்கலைன்னா ரிட்டர்ன்" என்றார். அப்புறம் அவரே, "அட்டையில மூஞ்சி பெருசா இருக்கணும், தூரத்துல இருந்து தெரியணும்" என்றார். எந்தப் பதிப்பகத்திலும் இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. மூன்று நான்கு பேர் சேர்ந்து ஆஃப்செட்டில் ஆயிரம் பிரதி அடித்து, மாதம் ஒருவர் கதை என்று போட்டால் என்ன? பிரஸ்ஸில் விலை கேட்டிருக்கிறேன், வந்ததும் சொல்கிறேன்.

நூறு பக்கத்துக்குள் முடிந்த கிரைம் கதை வைத்திருப்பவர்கள் மெயில் போடுங்கள், ஐடி கீழே டிஸ்கிரிப்ஷனில் இருக்கிறது. கிண்டிலின் கேடிபி செலக்ட் திட்டத்தில் ஏற்கெனவே போட்டிருக்கிறோமே என்று தயங்க வேண்டாம், வேறு எங்கும் போடக் கூடாது என்ற அந்த 90 நாள் கட்டுப்பாடு மின்நூலுக்குத்தான், அச்சுப் புத்தகத்துக்கு இல்லை. தாராளமாக அனுப்புங்கள்.